லிஸ்பன் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஸ்பன் போர்த்துகலின் கடற்கரைத் தலைநகரம் என்கிறார்கள். வரைபடத்தில் ஆறுதானே தெரிகிறது?

இரண்டும் சரிதான். தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் நகரம் இருக்கிறது. நகரத்துக்குக் கிழக்கே ஆறு பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடப்பதால் அந்த நீர்ப்பரப்பை உள்ளூரில் 'வைக்கோல் கடல்' என்றே அழைக்கிறார்கள். மேற்கே அரை மணி நேரம் ரயிலில் போனால் அலையடிக்கும் மணற்கரை வந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கோட்டை, கோபுரம், மின்தூக்கி என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருபவர்களின் பகல் பொழுது வரிசையிலேயே கழிந்துவிடுகிறது. இந்த ஊரின் மிகச் சிறந்த மூன்று அனுபவங்கள் படகில் ஆற்றைக் கடப்பது, கரையோர ரயிலில் காஸ்காய்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போவது, மாலையில் ஒரு குன்றின் மேல் நின்று ஆற்றைப் பார்ப்பது. முதல் இரண்டுக்கும் ஒரு வழிக்கு ஏறத்தாழ 3 யூரோவுக்குள் முடிந்துவிடும், மூன்றாவதற்குக் காசே வேண்டாம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எந்த மாதம் நல்லது?

நகரத்துக்கு முழுதாக மூன்று நாள், பக்கத்து மலை ஊரான சிந்த்ராவுக்கு ஒரு நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம். நனைந்த கற்பாவு நடைபாதையில் வழுக்கி விழுபவர்கள் அதிகம்.

அந்த நடைபாதைக் கற்கள் சுண்ணாம்புக் கல்லும் பசால்ட் என்ற கரிய எரிமலைக் கல்லும். நூறாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல் மழுங்கியிருக்கும். தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு உதவாது. வரிப்பள்ளங்கள் உள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணிதான் வேண்டும்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரிய சிக்கல், எனவே மூன்று மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம்.

பேருந்து, டிராம், படகு எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை இருக்கிறதாமே?

இருக்கிறது. பெயர் நவேகான்ட். மெட்ரோ நிலைய இயந்திரத்தில் அரை யூரோவுக்குக் கிடைக்கும் தாள் அட்டை, ஓராண்டு செல்லும். விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருப்பதால் வந்து இறங்கியதும் வாங்கிவிடலாம். அங்கிருந்து சிவப்பு வழித்தடம் ஊருக்குள் போகிறது. காலை 6:30 முதல் இரவு 1 மணி வரை ஓடும்.

அட்டையில் இரண்டு விதமாகப் பணம் போடலாம். ஒன்று 'ஸாப்பிங்': 10 யூரோ போட்டுவைத்தால் ஏறும்போதெல்லாம் கழியும். மெட்ரோ, பேருந்து, டிராம், ஆற்றுப் படகு, காஸ்காய்ஸ் ரயில், சிந்த்ரா ரயில் எல்லாவற்றிலும் செல்லும். மற்றது 24 மணி நேரச் சீட்டு, 7 யூரோவை ஒட்டிய விலை. மெட்ரோவும் நகரப் பேருந்து, டிராமும் இதில் அடக்கம். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் ஏறி இறங்குவதாக இருந்தால்தான் இது லாபம்.

மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். கணவனும் மனைவியும் ஒன்றையே மாற்றி மாற்றித் தட்டினால் இரண்டாவது ஆளுக்கு வாயில் திறக்காது. இரண்டாவது, ஸாப்பிங் பணம் மீதமிருக்கும் அட்டையில் 24 மணி நேரச் சீட்டு ஏற்ற முடியாது. இரண்டும் தேவைப்பட்டால் இரண்டு அட்டை வாங்கிப் பேனாவால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ரயிலில் ஏறும்போது தட்டியவர்கள் இறங்கும் நிலையத்திலும் தட்ட வேண்டும், அதுவரை அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

டிராம் ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஒரு பயணத்துக்கு 3 யூரோவுக்கு மேல். அட்டையில் அது 2 யூரோவுக்கும் குறைவு.

28ஆம் எண் மஞ்சள் டிராமில் ஏறியே ஆக வேண்டுமா?

ஏறலாம், ஆனால் நேரம் பார்த்து. மார்ட்டிம் மொனீஸ் சதுக்கத்திலிருந்து கிராசா, அல்ஃபாமா, பாய்ஷா ஆகிய பழைய பகுதிகள் வழியாகக் காம்பு து ஊரீக் வரை போகும் வழித்தடம் இது. பெரிய நவீன டிராம் இந்தச் சந்துகளில் திரும்ப முடியாது என்பதால்தான் 1930களின் சிறு பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. பத்து மணிக்கு மார்ட்டிம் மொனீஸில் போய் நின்றால் ஒரு மணி நேரம் காத்திருந்து, நின்றுகொண்டே, எதுவும் தெரியாமல் போய்ச் சேர்வீர்கள்.

காலை 8 மணிக்கு முன்பு ஏறுங்கள். அல்லது மறுமுனையான காம்பு து ஊரீக்கிலிருந்து கிளம்புங்கள், அங்கே வரிசை மிகக் குறைவு. கோட்டைக் குன்றைச் சுற்றி வரும் 12ஆம் எண் டிராமும் அதே பழைய பெட்டிதான். கூட்டம் குறைவு, சுற்றும் சிறியது, குழந்தைகளோடு போக வசதி.

சாய்தள இழுவை வண்டிகளும் சாந்தா ஜுஸ்தா மின்தூக்கியும்?

2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா சாய்தள வண்டி தடம் விலகி 16 பேர் இறந்தார்கள். அதன்பின் நகரத்தின் சாய்தள வண்டிகளை ஆய்வுக்காக நிறுத்தினார்கள். எது ஓடுகிறது என்பதைப் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி இவற்றைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

சாந்தா ஜுஸ்தா 1902ஆம் ஆண்டின் இரும்பு மின்தூக்கி, 45 மீட்டர் உயரம். கீழே வரிசை நீளமாக இருக்கும். அது போய்ச் சேரும் இடமோ கார்மு சதுக்கம். ஷியாடு பக்கமிருந்து நடந்தே அங்கே போய்விடலாம். போனால் பக்கத்திலேயே கார்மு மடாலயம், கூரையில்லாமல் வளைவுகள் மட்டும் வானத்தை ஏந்தி நிற்கும். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள் காலையில் பூகம்பம் வந்தது, பின்னால் ஆழிப்பேரலையும் தீயும். அதில் இடிந்த கூரையை முழுதாகக் கட்டி முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். 2004 டிசம்பரைக் கண்ட நம் கரைக்காரர்கள் அந்த வளைவுகளுக்குக் கீழே சற்று நேரம் நிற்பார்கள்.

வயதான அம்மா, அப்பாவோடு கோட்டைக்கு எப்படி ஏறுவது?

இலவச மின்தூக்கிகள் இரண்டு இருக்கின்றன. பாய்ஷாவில் ஃபான்கைருஸ் தெருவில் உள்ள கட்டடத்துக்குள் முதல் மின்தூக்கி. அது மதலேனா தெருவில் கொண்டுபோய் விடும். எதிரே சிறு சதுக்கத்தைக் கடந்தால் ஷாவ்ன் து லொரெய்ரு என்ற பழைய சந்தைக் கட்டடம் வரும், கீழே பல்பொருள் அங்காடி. அதன் மின்தூக்கியில் ஏறினால் கோட்டைச் சரிவுத் தெரு. பிறகு பத்து நிமிட ஏற்றம்தான் மிச்சம். அதுவும் முடியாதென்றால் ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737ஆம் எண் சிறு பேருந்து கோட்டை வாசலுக்கே போகிறது.

கோட்டைக்குள் சீட்டு விலை அதிகம், உள்ளே பெரும்பாலும் மதிலும் காட்சியும்தான். காட்சி மட்டும் போதுமென்றால் சென்யோரா து மோன்ட் குன்றுக்குப் போங்கள். கோட்டையும் சேர்ந்து தெரியும், காசும் வேண்டாம். ஜூனில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிவிடும்.

நகரின் மேற்கே ஆற்றோரம் உள்ள பெலேமில் என்ன பார்ப்பது? எந்த வரிசையில்?

திங்கட்கிழமை போகாதீர்கள், ஜெரோனிமுஸ் மடாலயம் மூடியிருக்கும். மற்ற நாளில் 15ஆம் எண் டிராம் அல்லது காஸ்காய்ஸ் ரயில். ரயில் பெலேமில் நிற்குமா என்று பலகையில் பார்த்து ஏறுங்கள்.

ஜெரோனிமுஸ் மடாலயத்தில் இரண்டு வாசல், இரண்டு வரிசை. உள்முற்றத்துக்குச் சீட்டு வேண்டும், இணையத்தில் முதல் நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். தேவாலயத்துக்குச் சீட்டு வேண்டாம். இது தெரியாமல் நீண்ட வரிசையில் நின்றுவிட்டு வெயில் தாங்காமல் திரும்பிவிடுபவர்கள் உண்டு. தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, வலப்பக்கம் கவிஞர் கமோயிங்ஷின் கல்லறை. காமா 1497 ஜூலையில் பெலேம் கரையிலிருந்து கிளம்பி 1498 மே மாதம் கோழிக்கோடு சேர்ந்தார். 1524இல் கொச்சியில் இறந்து, அங்கேயே கோட்டைப் பகுதியின் பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டு, 1539இல் எலும்புகள் போர்த்துகலின் விதிகெய்ராவுக்கும், 1880இல் அங்கிருந்து இங்கேயும் கொண்டுவரப்பட்டன. கல்லறைச் சிற்பத்தில் தெரியும் பக்தியோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தவரும் இவர்தான்.

ஆற்றோரம் 1960இல் கட்டிய கடற்பயண நினைவுச் சின்னம். அதன் மேலே ஏறுவதைவிட எதிரே தரையில் பதித்த பளிங்கு உலக வரைபடம் சுவையானது. போர்த்துக்கீசியக் கப்பல்கள் எந்தக் கரையை எந்த ஆண்டு தொட்டன என்று குறித்திருக்கிறார்கள். பெலேம் கோபுரம் 2025 ஏப்ரலில் சீரமைப்புக்காக மூடப்பட்டது. திறந்திருந்தாலும் அதன் அழகு வெளியில்தான். உள்ளே குறுகிய சுழற்படியில் ஏறவும் இறங்கவும் காத்திருக்க வேண்டும்.

1837 முதல் இயங்கும் பெலேம் பேஸ்ட்ரி கடையில் வாங்கிப் போகும் வரிசை தெருவரைக்கும் நீளும். உள்ளே அறை அறையாக மேசைகள் இருக்கின்றன, நேராகப் போய் உட்காருங்கள், பெரும்பாலும் வேகமாக இடம் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே பட்டைத்தூளும் சர்க்கரைத்தூளும் தூவிச் சாப்பிட வேண்டும். உள்ளீடு முட்டை மஞ்சள் கரு, எனவே முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது.

படகுப் பயணம் என்றால் எது? விளம்பரம் செய்யும் சூரிய அஸ்தமனப் படகா?

அது வேண்டாம். உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகும் படகே போதும். மெட்ரோ பச்சை வழித்தடம் முடியும் காய்ஸ் து சொத்ரே நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. கசீல்யாஸ் போகும் படகுக்கு அதே அட்டையைத் தட்டுங்கள். பத்து நிமிடப் பயணம். போகும்போது வலப்பக்க ஜன்னல்: 1966இல் திறந்த செம்பாலம் முழுதாகத் தெரியும். திரும்பும்போது முன்பக்கம்: குன்று குன்றாக நகரம் எழுந்து வரும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன் போய், விளக்கு ஏற்றிய பின் திரும்புங்கள்.

கசீல்யாஸில் இறங்கியதும் தெரியும் முப்பாய்மரக் கப்பலைத் தவறவிடாதீர்கள். 'டான் ஃபெர்னாண்டு இரண்டாமர், குளோரியா' என்ற போர்க்கப்பல், இப்போது அருங்காட்சியகம். 1843இல் நம் டாமன் கப்பல் கட்டும் துறையில், நகர் ஹவேலிக் காட்டுத் தேக்கில் கட்டியது. லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையில் பாய்மரத்தால் ஓடிய கடைசிப் போர்க்கப்பல் இதுவே. 1963இல் தீப்பிடித்துப் பல ஆண்டு ஆற்றுச் சேற்றில் கிடந்ததை மீட்டு, 1998 உலகக் கண்காட்சிக்காகப் புதுப்பித்தார்கள். கீழ்த்தளங்களில் தலை குனிந்து நடக்க வேண்டும். பீரங்கித் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அங்கே கிடந்து ஆறு மாதம் பயணம் செய்வது எப்படியிருக்கும் என்பது புரியும்.

நேரம் இருந்தால் அங்கிருந்தே 3001ஆம் எண் பேருந்தில் கிறிஸ்து அரசர் சிலைக்குப் போகலாம். 82 மீட்டர் உயர மேடைக்கு மின்தூக்கி இருக்கிறது.

குளிக்க எந்தக் கடற்கரை? தண்ணீர் குளிருமா?

குளிரும். ஆகஸ்டில்கூட 17 முதல் 20 டிகிரிதான். கோடை முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது, அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வருகிறது. வங்கக் கடலில் 28 டிகிரி தண்ணீருக்குப் பழகியவர்கள் திடீரென்று முங்கக் கூடாது. முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறங்குங்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் தெரியாது, தோல் மட்டும் கருகிவிடும்.

காய்ஸ் து சொத்ரேயிலிருந்து காஸ்காய்ஸ் ரயில், இடப்பக்க இருக்கை. கடைசி வரை 40 நிமிடம். அகலமான மணல் வேண்டுமென்றால் கார்கவேலுஸில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். அலைச்சறுக்குப் பள்ளிகள் அங்கேதான். குழந்தைகள் இருந்தால் காஸ்காய்ஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கன்சைசாவ்ன் கரை, விரிகுடா என்பதால் அலை அடங்கியிருக்கும். கின்ஷு கரை பார்க்க அழகு, குளிக்க வேண்டாம். காற்றும் இழுப்பும் கடுமை.

கொடியைப் பாருங்கள். பச்சை: குளிக்கலாம். மஞ்சள்: கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு: தண்ணீரில் இறங்கவே கூடாது. பிற்பகலில் காற்று வலுக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

சிந்த்ராவில் பெனா அரண்மனைக்குச் சீட்டு இருந்தும் உள்ளே விடவில்லை என்கிறார்களே?

சீட்டில் அச்சிட்ட நேரம் அரண்மனைக் கதவுக்கு உரியது, தோட்ட வாசலுக்கு அல்ல. வாசலிலிருந்து கதவுக்கு ஏற்றத்தில் அரை மணி நடை. சிந்த்ரா ரயில் நிலையத்திலிருந்து தோட்ட வாசலுக்கு வரும் 434ஆம் எண் பேருந்து, கூட்ட நாளில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். தாமதமானால் சீட்டு வீண். ரோசியு நிலையத்திலிருந்து ரயில் 40 நிமிடம். எனவே 9:30 சீட்டுக்கு 7:30 ரயிலாவது பிடிக்க வேண்டும். மலை மேல் மூடுபனி அடிக்கடி வரும், லிஸ்பனில் வெயில் என்று பார்த்து மெல்லிய சட்டையோடு போய் நடுங்காதீர்கள்.

பதுவைப் புனித அந்தோணியார் பிறந்த இடம் லிஸ்பன் என்பது உண்மையா?

உண்மை. இத்தாலியின் பதுவை அவர் இறந்த ஊர்ப்பக்கம், பிறந்தது இங்கே. பேராலயத்துக்கு ஒட்டியபடி, அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். படியிறங்கி நிலவறைக்குப் போனால் அந்த இடம். கட்டணம் இல்லை. 28ஆம் எண் டிராம் வாசலில் நிற்கும். உவரியும் கச்சத்தீவும் போய் வந்த குடும்பங்களுக்கு இது முக்கியமான இடம். ஜூன் 12 இரவும் 13ஆம் தேதியும் அவர் திருநாள். அல்ஃபாமா சந்துகள் முழுக்கச் சாளை மீன் சுடும் புகை. தூக்கம் வேண்டுபவர்கள் அந்த இரண்டு இரவும் அல்ஃபாமாவில் அறை எடுக்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், கேட்டுச் சாப்பிட்டால். கல்து வெர்த் என்ற கீரைச் சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். பயறு, அவரைச் சமையலில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சிற்றுண்டிக் கடையில் சமூசா பார்த்து ஆசைப்படாதீர்கள். கோவா வழியாக வந்த பண்டம்தான், ஆனால் உள்ளே பெரும்பாலும் இறைச்சி. 'தோட்டத்து மீன்குஞ்சு' என்ற பெயரைக் கண்டு ஒதுங்க வேண்டாம், பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜி அது. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். சொல்ல வேண்டிய வாக்கியம்: 'செய்ங் கார்ன, செய்ங் பெய்ஷ', இறைச்சியும் மீனும் இல்லாமல். மார்ட்டிம் மொனீஸைச் சுற்றி இந்திய, வங்காளதேச உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். தொட்டால் காசு. கேட்காததற்கும் தொடாததற்கும் காசு வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. வாக்குவாதம் வந்தால் புகார்ப் புத்தகம் கேளுங்கள், எல்லாக் கடையிலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

மொழி தெரியாமல் போகலாமா?

ஆங்கிலம் போதும். சில சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: ஜன்னலுக்கு ஜனேலா, சாவிக்கு ஷாவ், மேசைக்கு மேஸா, அலமாரிக்கு அர்மாரியு. எல்லாம் அங்கிருந்து வந்தவை. தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் அச்சேறியதும் லிஸ்பனில்தான், 1554இல், ரோமன் எழுத்தில். நன்றி சொல்ல ஆண்கள் 'ஓப்ரிகாது', பெண்கள் 'ஓப்ரிகாதா'.

பணம், திருட்டு?

'மல்ட்டிபாங்கு' என்று எழுதிய வங்கி இயந்திரத்தில் பணம் எடுங்கள். 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா' என்று எந்த இயந்திரம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், மாற்று விகிதத்தில் நட்டம். விடுதியில் 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 4 யூரோ நகர வரி, ஏழு இரவு வரை.

வன்முறை குறைவு, பிக்பாக்கெட் அதிகம். 28, 15ஆம் எண் டிராம்களில் ஏறும் நெரிசலில்தான் நடக்கும். கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு போங்கள். பறிபோனால் ரெஸ்டவுரதோர்ஸ் சதுக்கத்தில் சுற்றுலாக் காவல் நிலையம் இருக்கிறது, அவசரத்துக்கு 112.

ஃபாடு இசை கேட்க?

ஃபாடு லிஸ்பனின் பழைய பாட்டு மரபு, உணவகங்களில் பாடுவார்கள். பாட்டு தொடங்கியதும் விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதும் பேச்சும் நிற்கும். கரண்டி சத்தம்கூடக் கூடாது. குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று உட்காரும் முன் கேளுங்கள்.

ஞாயிறு காலை அருங்காட்சியகம் இலவசம் என்று படித்தோமே?

அது பழைய செய்தி. அரசு அருங்காட்சியகங்களின் இலவச நாட்கள் இப்போது போர்த்துகலில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

திரும்பும் நாளில் எவ்வளவு முன்னதாகப் போவது?

ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானம் என்றால் மூன்று மணி நேரம். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசை தனியாக இருக்கிறது, கைரேகைப் பதிவு வந்த பின் அது இன்னும் மெதுவாக நகர்கிறது. மலிவு விமானங்கள் பல இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும். அங்கே மெட்ரோ இல்லை. முதல் முனையத்தில் இறங்கி இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.